இடையில் யாருமில்லாத ஆல்பங்கள்

2015 ஜூலை 10 முதல் உலகின் பெரும்பாலான நாடுகளில் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைகளில்தான் வெளியாகின்றன. அதற்கு முன் பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய் என்று ஊருக்கு ஒரு நாளாக இருந்தது. பெரிய கம்பெனிகளின் விளம்பரங்களைத் தாண்டிப் போய், பெயர்கூடக் கேள்விப்படாத ஒருவர் தானே பாடி, தானே வாசித்து, தானே பதிவுசெய்து வெளியிட்டதைத் தேடிக் கேட்பதற்கான நாள் எனக்கு வெள்ளி. ராக், பாப், எலக்ட்ரானிக் எதுவானாலும் சரி. கிடைப்பதெல்லாம் நன்றாக இருக்காது. ஆனாலும் யாருடைய அனுமதிக்கும் காத்திராத ஒரு குரல் காதில் விழும்போது வரும் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது.

அப்படி வந்ததுதான் 'டயமண்ட் ஜூபிலி'. 2024 மார்ச் 29, வெள்ளிக்கிழமை. கனடாவின் 'விமன்' ராக் குழுவில் பாடியும் கிடார் வாசித்தும் வந்த பேட்ரிக் ஃப்ளீகல், 'சிண்டி லீ' என்ற பெயரில் வெளியிட்டது. 32 பாடல்கள், இரண்டு மணி நேரம். அப்போது ஸ்பாட்டிஃபையில் இல்லை. யூடியூபில் முழு ஆல்பமும் ஒரே நீண்ட பதிவாக இருந்தது. இல்லையென்றால், பழங்காலத்து இணையப் பக்கம் போன்ற ஒன்றிலிருந்து கோப்புகளை இறக்கிக்கொள்ள முடிந்தது. விருப்பமிருந்தால் 30 கனடிய டாலர் அனுப்பலாம் என்றிருந்தது. விளம்பரம் என்று ஒன்றும் இல்லை. கேட்டவர்கள் கேட்காதவர்களிடம் சொன்னார்கள். சில மாதங்களில் கனடாவின் போலாரிஸ் இசைப் பரிசின் இறுதிப் பட்டியலில் அது இருந்தது.

நான் அதை ஓர் இரவு ஒரே மூச்சில் கேட்டேன். முதல் அரைமணி நேரம் கை பரபரத்தது. அடுத்த பாட்டுக்குத் தாவிப் பழகிய கை. சினிமாப் பாட்டில் வளர்ந்த காது வேறு, நாயகன் யார், சூழ்நிலை என்ன என்று தேடியது. இங்கே அந்தப் பிடிமானம் எதுவும் இல்லை. 1960களின் பெண்கள் குழுப் பாடல்களை நினைவூட்டும் மெட்டுகள், தூரத்து வானொலியிலிருந்து இரைச்சலோடு வருவதுபோல் ஒலித்தன. இழைத்து மெருகேற்றாத கிடார். அதன்மேல் உச்சத்தில் நடுங்கும் குரல். ஒரு மணி நேரம் ஆனபோது தேடுவதை விட்டிருந்தேன். இரண்டு மணி நேரத்தில் நான்கைந்து பாட்டையாவது வெட்டச் சொல்லியிருப்பார் எந்த லேபிள்காரரும். அப்படிச் சொல்ல ஆளில்லாததால்தான் அந்த ஆல்பத்துக்கு அதன் அகலம் கிடைத்தது.

இந்தத் துணிச்சலுக்கு முன்னோடிகள் உண்டு. மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழுவினர் தெரிந்தவர்களிடம் 500 பவுண்டு கடன் வாங்கி, 1976 டிசம்பர் கடைசியில் நான்கு பாடல்களைப் பதிவு செய்தார்கள். 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற இசைத்தட்டாகச் சொந்த லேபிளில் வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டது 1000 தட்டுகள், மளமளவென்று விற்றுப்போயின. ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்பதைக்கூட உறையில் அச்சிட்டிருந்தார்கள். எனக்கு இதைவிடப் பெரிய தாராளம் தெரியவில்லை. இவ்வளவுதான் வேலை, உன்னாலும் முடியும் என்று வாங்கியவரிடம் தொழில் ரகசியத்தையே ஒப்படைத்துவிட்டார்கள். அதைப் பார்த்துப் பலர் தங்கள் தட்டுகளைத் தாங்களே போட்டார்கள்.

பிறகு கருவிகள் இன்னும் எளிதாயின. லண்டனின் எலக்ட்ரானிக் இசைக்கலைஞர் பரியல், பெரிய ஸ்டுடியோ எதுவுமில்லாமல், சாதாரண ஒலித்தொகுப்பு மென்பொருளைக் கொண்டே, மழையும் தட்டுத் தேய்மானமும் கலந்த தாளங்களைச் செய்தார். அவருடைய 'அன்ட்ரூ' ஆல்பம் 2007இல் ஹைப்பர்டப் என்ற சின்ன லேபிளில் வந்தபோது அவர் யாரென்றே உலகத்துக்குத் தெரியாது.

செய்வது எளிதாகிவிட்டது, செய்தவர் பிழைப்பதுதான் கடினமாகிவிட்டது. 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை உரிமைத்தொகை தருவதில்லை. புதிதாக வருபவரின் பாட்டுதான் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே கிடக்கும். மறுபக்கம், 2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் தளத்தில் விலையைக் கலைஞரே வைக்கிறார். டிஜிட்டல் ஆல்பம் விற்றால் தளம் எடுப்பது பெரும்பாலும் 15 சதவீதம். கொரோனாவால் கச்சேரிகள் நின்றுபோன 2020 மார்ச்சில், ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கத் தன் பங்கையும் விட்டுக்கொடுத்தது. அது 'பேண்ட்கேம்ப் வெள்ளி' என்று வழக்கமாகவே ஆனது. ஆனால் அந்தத் தளமும் 2022இல் ஒரு கம்பெனிக்கும் 2023இல் இன்னொன்றுக்கும் கைமாறியது. இரண்டாவது முறை ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வேலை போனது. எந்தத் தளத்தையும் நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது.

லேபிள் என்ற இடையாள் செய்த வேலைகளைப் பட்டியலிட்டுப் பார்க்கிறேன்: திறமையைக் கண்டுபிடிப்பது, முன்பணம் தருவது, நாலு பேருக்குத் தெரியப்படுத்துவது, பழைய பதிவுகளைத் தொலையாமல் வைத்திருப்பது. இடையாள் விலகியதும் இந்த வேலைகள் இல்லாமல் போய்விடவில்லை. கேட்கிற நம் தலையில் வந்து இறங்கியிருக்கின்றன. 'டயமண்ட் ஜூபிலி'க்குக் கேட்டவர்கள்தான் விளம்பரத் துறையாக இருந்தார்கள்.

அதனால் பிடித்த ஆல்பத்தை விலை கொடுத்து வாங்குகிறேன். இறக்கிப் பத்திரப்படுத்துகிறேன். முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறேன். பிறகு, ரசிக்கக்கூடிய ஒருவரைத் தேடிப் பிடித்துச் சொல்கிறேன். இதைத் தர்மம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு மனிதர் யாரையும் கேட்காமல் தன் மனம்போல ஒன்றைச் செய்து முடித்து, நேராக என்னிடம் நீட்டுகிறார். அதை இரு கையாலும் வாங்கிக்கொள்வதுதான் முறை. நாம் வாங்கினால்தான் அவர் அடுத்ததைச் செய்வார்.