ஸ்கேனர் சொல்வது பாதிதான்

கோவை கணபதி பக்கம் கார் எலக்ட்ரிக்கல் பட்டறை ஒன்றில், மேசைக்கு அடியில் ஒரு தகர டப்பா இருக்கிறது. உள்ளே பழைய ஆக்சிஜன் சென்சார்கள். வேறு இடங்களில் ‘போச்சு’ என்று கழற்றப்பட்டு, வண்டியோடு இங்கே வந்து சேர்ந்தவை. பட்டறைக்காரர் ஒவ்வொன்றையும் மீட்டரில் வைத்துப் பார்த்திருக்கிறார். பல சென்சார்களில் ஹீட்டர் நன்றாகவே இருக்கிறது.

புகைக்குழாயில் திருகி வைத்திருக்கும் இந்தச் சென்சார், எரிந்து வெளியேறும் வாயுவில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று இன்ஜின் கணினிக்குச் சொல்கிறது. 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்ற கணக்கு தவறாமல் இருக்க அதுவே ஆதாரம். ஆனால் உள்ளே இருக்கும் ஜிர்கோனியா பீங்கான் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் வேலை செய்யும். 1976-இல் பாஷ் நிறுவனத்தின் சென்சாரோடு வோல்வோ கார் வந்தபோது, புகையின் சூட்டுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகுதான் உள்ளேயே ஒரு சிறு ஹீட்டரை வைத்தார்கள். அது வேலை செய்யாவிட்டாலும் வண்டி ஓடும், ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் சென்சார் தாமதமாகவே விழிக்கும். அதுவரை கணினி அனுமானத்தில் பெட்ரோல் ஊற்றும். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் வண்டிகளில் இது மைலேஜையும் கேட்டலிடிக் கன்வெர்டரையும் சேர்த்தே அடிக்கும்.

நான் போயிருந்த அன்று நின்றது ஒரு சிறிய பெட்ரோல் கார். செக் இன்ஜின் விளக்கு எரிந்து, வேறொரு பட்டறையில் புதுச் சென்சார் போட்டு, சில நாட்களில் விளக்கு மறுபடி வந்துவிட்டது. ஸ்கேனரில் பி0135 என்று வந்தது: முன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு.

“சென்சார் டூப்ளிகேட்டா இருக்குமுங்ணா. மாத்திரலாமுங்களா?” என்றான் உதவிப் பையன்.

“பொறு கண்ணு. ஸ்கேனர் தெருப் பேரைத்தான் சொல்லும். வீட்டை நாமதான் தேடோணும்.”

குழாய் ஆறும் வரை அவர் தொடவில்லை. சூடாக இருந்தால் ஹீட்டரின் ஓம் கணக்கு ஏறிவிடும். ஆறிய பிறகு கப்ளரைக் கழற்றி, சென்சாரின் நான்கு வயர்களில் ஒரே நிறமுள்ள இரண்டின் முனையில் மீட்டரை வைத்தார். 6 ஓம். ஹீட்டர் அறுந்திருந்தால் மீட்டரில் எண்ணே வந்திருக்காது. அடுத்து வண்டிப் பக்கக் கப்ளர். சாவியைத் திருப்பியதும் 12.3 வோல்ட்.

“கரண்டு வருதுங்ணா. அப்ப சென்சார்தானுங்களே?”

பலர் வழி தவறும் இடம் இதுதான். அவர் மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு வயர் பற்றவைத்த 21 வாட் இண்டிகேட்டர் பல்பை எடுத்தார். ஒரு முனை கப்ளரின் சப்ளை பின்னில், மறுமுனை பேட்டரி மைனஸில். பல்பின் இழை மங்கலாகச் சிவந்ததோடு சரி. பல்பு எரியும்போதே மீட்டரையும் வைத்துக் காட்டினார்: 12.3 இருந்த இடத்தில் 7 சொச்சம்.

மீட்டர் மின்சாரத்தை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். வயருக்குள் ஒரே ஒரு செப்பு இழை மிஞ்சியிருந்தாலும் அது முழு வோல்ட்டைக் காட்டிவிடும். பல்போ ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். ஹீட்டருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு வேண்டும். சுமை ஏறும்போதுதான் நைந்த வயரின் லட்சணம் தெரியும்.

பியூஸ் பெட்டியில் வைத்தபோது பல்பு பளிச்சென்று எரிந்தது. ஆக, கோளாறு நடுவில். வயர்க் கட்டை விரலால் தடவிக்கொண்டே போனவர், இன்ஜின் பின்புறத் திருப்பத்தில் நின்றார். அங்கே இருக்க வேண்டிய கிளிப் இல்லை. கட்டு சரிந்து வெப்பத் தடுப்புத் தகட்டின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. உறை கீறி, செம்பு பச்சை பூத்து, இரண்டு மூன்று இழைகள் மட்டும் மிச்சம்.

கெட்ட பகுதியை வெட்டி, அதே தடிமனில் புது வயர் சேர்த்து, கிரிம்ப் அடித்து, சுருங்கும் குழாய் போட்டு, புதுக் கிளிப்பில் நிறுத்தினார். சென்சாரோடு வரும் வயரில் ஈயம் வைக்கக் கூடாது, கப்ளரில் கிரீஸும் தடவக் கூடாது என்று பையனிடம் அழுத்திச் சொன்னார். பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை அந்த வயரின் இடுக்கு வழியாகத்தான் இழுக்கின்றன.

ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டை அழித்த உடனே சாவியைக் கொடுத்துவிடவில்லை. வண்டியை இரவு அங்கேயே விட்டு, காலையில் குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் செய்து ஸ்கேனரில் பார்த்திருக்கிறார். சிறிது நேரத்திலேயே சிக்னல் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கியிருக்கிறது.

“ஒரு வயருக்கா இவ்வளவு கூலி?” என்று கேட்காத வாடிக்கையாளரே இல்லை என்கிறார். அட்டைப்பெட்டியில் வரும் பாகத்துக்குச் சில ஆயிரம் கொடுக்கத் தயங்காத நாம், கோளாறைக் கண்டுபிடித்த அறிவுக்குக் கொடுக்கும்போது பேரம் பேசுகிறோம். இது அநியாயம். பாகத்தை மாற்றுவதே லாபம் என்ற பழக்கத்தைப் பட்டறைகளுக்குக் கற்றுக்கொடுத்ததில் நமக்கும் பங்கு உண்டு.

உங்கள் காரில் இந்த விளக்கு எரிந்தால், சென்சாரை மாற்றச் சம்மதிக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஹீட்டர் எத்தனை ஓம் காட்டியது? சுமை ஏற்றிப் பார்த்தபோது கப்ளருக்கு எத்தனை வோல்ட் வந்தது? பதில் சொல்லும் எலக்ட்ரீஷியனிடம் வண்டியை விடுங்கள்; கேட்ட கூலியைக் கொடுங்கள்.