மாத்திரையும் கூடவே டீயும்

ஜூலை 3, ஊட்டி

பெண்கள் வார்டில் குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா. மாதக்கணக்காக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏழைத் தாண்டவில்லை. "ஒரு நாள்கூட விடலம்மா" என்று காலி அட்டைகளை எடுத்துக் காட்டினார். "எதோட போடுவீங்க?" "பத்து மணி டீயோடதான். வெறும் தண்ணின்னா குமட்டும்."

சாயம் இறங்கிய எஸ்டேட் டீ! அதிலிருக்கும் டானின் குடலிலேயே இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ரத்தத்துக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள், முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ வேண்டாம் என்றேன். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். எல்லாப் பழியையும் டீமேல் போட முடியாது. கொக்கிப்புழு இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் எழுதியிருக்கிறார்.

ஜூலை 6

தாய்மாமா போனில்: "டாக்டரும் இல்ல, மருந்துக்கடையும் வைக்க மாட்டேங்கற. அப்ப ஆறு வருஷம் எதுக்கும்மா?"

2008-இல் இந்திய பார்மசி கவுன்சில் கொண்டுவந்த ஃபார்ம்.டி. இது, ஐந்து வருடம் படிப்பு, கடைசி வருடம் முழுக்க மருத்துவமனை, அதில் பாதி பொது மருத்துவத்தில் என்று ஆரம்பித்தேன். அவர் கேட்கிற மாதிரித் தெரியவில்லை. "உங்க தைராய்டு மாத்திரைய எதோட போடுறீங்க?" என்றேன். "காபியோட." காபியும் டீயைப் போலத்தான் மாத்திரையைத் தடுக்கும் என்றேன். அதற்குமேல் அரை மணி நேரம் அவர்தான் கேள்வி கேட்டார். படிப்பு முடித்தவர்களுக்கு ஆஸ்பத்திரிகளில் போதுமான வேலை இல்லையே என்று அவர் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. நல்லவேளை, கேட்கவில்லை.

ஜூலை 9

பந்தலூர்ப் பக்கமிருந்து வந்த பணியர் பழங்குடி இளைஞன். மூட்டுக்கு மூட்டு வலி. சிக்கிள் செல் நோய். பையைத் திறந்து பார்த்தால் அதே இரும்புச்சத்து மாத்திரை. "ரத்தம் கம்மின்னாங்க. பக்கத்து வீட்டு அக்கா குடுத்தாங்க."

இவனுக்கு ரத்த அணுக்கள் அரிவாள்போல் வளைந்து சீக்கிரமே உடைகின்றன. இரும்பு உடம்புக்குள்ளேயேதான் நிற்கும். ரத்தம் ஏற்ற ஏற்ற இன்னும் கூடும். குறைபாடு இருப்பதாகப் பரிசோதனையில் தெரியாமல் இரும்பு கொடுக்கக்கூடாது. குறிப்பெழுதி டாக்டரிடம் காட்டினேன். உடனே நிறுத்தச் சொன்னார். ஃபோலிக் அமிலமும் ஹைட்ராக்சியூரியாவும் தொடர்கின்றன.

இந்தியாவில் இந்த அணுவை முதலில் கண்டதே இந்த மலைவாழ் மக்களிடம்தான். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஜூலை 13, நடுவட்டம்

விடுமுறை. மழை விடவில்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த சின்கோனா மரத்தை 1860-களில் இந்த மலையில் வளர்த்தார்கள். கொய்னா தயாரிக்க இங்கே தொழிற்சாலையும் இருந்தது. எல்லாம் மலேரியாவுக்காக. கீழே கூடலூர், வயநாட்டுக் காடுகளில் அதே மலேரியாதான் சிக்கிள் மரபணுவைத் தலைமுறை தலைமுறையாகத் தங்கவைத்தது. தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு. இருவரிடமிருந்தும் வந்தால் நோய்.

ஜூலை 14

இளைஞன் இன்று டிஸ்சார்ஜ். ஹைட்ராக்சியூரியா காப்ஸ்யூல் போடும் வரை ரத்த அணு எண்ணிக்கை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வர வேண்டும், கல்யாணம் ஆனால் குழந்தைக்கு முன்னால் டாக்டரிடம் பேச வேண்டும். கடைசியைச் சொன்னதும் வெட்கப்பட்டுச் சிரித்தான். வலி நின்றால் காப்ஸ்யூலையும் நிறுத்திவிடலாமா என்றான். அதற்கு மறுபடி உட்கார்ந்து முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கூடலூர் பஸ்ஸைத் தவறவிட்டான், அடுத்ததில் ஏற்றிவிட்டேன்.