மாடி இல்ல... மவுசு குறையல!

ஹாலிவுட் படங்கள்ல அடிக்கடி பார்த்திருப்பீங்க. முன்னால புல்வெளி, ஒட்டினாப்ல கார் ஷெட், மாடியே இல்லாம நீட்டிப் படுத்திருக்குற மாதிரி ஒரு வீடு. அதுதான் 'ரேன்ச் ஹவுஸ்'. ரேன்ச்னா மாட்டுப் பண்ணை. பண்ணை வீட்டுக்கு நகரத்துல என்ன வேலை? வாங்க, கலிஃபோர்னியாவுல ஒரு ரவுண்டு போவோம்!

முதல் ஸ்டாப், சான்டியாகோ. இங்கே 'ஓல்டு டவுன்' ஏரியாவுல 1827-ல் கட்டின எஸ்துதீயோ குடும்பத்து வீடு, இப்போ மியூசியம். வெயிலுக்கு அசராத தடிமனான மண்சுவர், மூணு பக்கமும் அறைகள், நடுவுல முற்றம், அதை ஒட்டி வராந்தா. அவ்வளவுதான் டிசைன்!

இந்தக் குடும்ப வழியில வந்தவர் கிளிஃப் மே. பேண்ட் நடத்தி சாக்ஸபோன் வாசிச்சவர், ஃபர்னிச்சர் செஞ்சு வித்தவர். ஆர்க்கிடெக்ட் பட்டமெல்லாம் கிடையாது பாஸ்! ஆனா, 1930-களின் தொடக்கத்துல அந்த முற்றத்து வீட்டை நவீன வசதிகளோட கட்டி, ரேன்ச் ஹவுஸுக்கு மவுசு தேடித் தந்தவர் இவர்தான்.

1945-ல் உலகப் போர் முடிஞ்சுது. ஊர் திரும்பின வீரர்களுக்குச் சுலபக் கடன், கையில கார், ஊருக்கு வெளியே மலிவா நிலம். அப்புறமென்ன? லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல லேக்வுட்ங்கிற ஊர்ல 1950-ல் ஆரம்பிச்சு, சுமார் மூணே வருஷத்துல 17,500 வீடுகள்! ஒரு டீம் ஆணி அடிக்கும், அடுத்த டீம் கூரை போடும். ஃபேக்டரி கணக்கா வேலை.

இங்கேதான் ஒரு கசப்பு. இப்படி முளைச்ச பல புது ஊர்கள்ல கறுப்பினத்தவருக்கு வீடு விற்கவே இல்லை. கடனுக்கு கேரன்ட்டி தந்த அரசு அமைப்பே அதுக்குத் துணை போச்சு. ஒரே போர்ல சண்டை போட்டவங்கதான். ஆனா, முற்றமும் புல்வெளியும் ஒரு சாராருக்கு மட்டும்!

அதனாலதான் அடுத்த ஸ்டாப், பாலோ ஆல்டோ. ஜோசப் ஐக்லர் கட்டின வீடுகள் இங்கே ஏராளம். கூரை வரைக்கும் கண்ணாடிச் சுவர், கான்கிரீட் தரைக்குள்ள வெந்நீர்க் குழாய். குளிர்ல தரையே ஹீட்டர்! நிறம் பார்க்காம எல்லாருக்கும் வித்தார் மனுஷன். வீடு கட்டுறவங்க சங்கம் இதுல கைகோக்க மறுத்ததும், 1958-ல் அங்கிருந்தே விலகிட்டார்.

பக்கத்துலயே லாஸ் ஆல்டோஸ். ஸ்டீவ் ஜாப்ஸ் வளர்ந்த ரேன்ச் வீடு இங்கேதான். ஆப்பிள் கதையில வர்ற அந்த ஃபேமஸ் கார் ஷெட்டும் இதுலதான். 2013-ல் வரலாற்றுச் சின்னமா அறிவிச்சாங்க. தெருவுல நின்னே பார்த்துக்கங்க. அது இன்னமும் ஒரு வீடு!

நடுத்தரக் குடும்பங்களுக்காக ஐக்லர் கட்டின வீடுகள், இன்னிக்கு பாலோ ஆல்டோவுல பல மில்லியன் டாலர். அன்னிக்கு நிறம் கேட்ட கதவு, இன்னிக்கு பேங்க் பேலன்ஸ் கேட்குது. சிவில், ஆர்க்கிடெக்சர் படிக்கிற நண்பர்களே... அடுத்த பிளானை வரையும்போது, வெளிச்சம் எந்தப் பக்கம் வரும்னு பார்க்குறதோட, யாரெல்லாம் உள்ளே வர முடியும்னும் கொஞ்சம் பாருங்க!