வெந்நீர் இல்லாத விடுதி

சென்ற தை மாதம் வெங்காய வியாபாரம் பேசுதற்காக நுவரெலியாவுக்குச் சென்றிருந்தேன். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உயர்ந்த ஊர். தை, மாசியிற் புல்நுனியிலே உறைபனி படிவதும் உண்டு. யாழ்ப்பாணத்து வெயிலிற் பழகிய உடம்பு தாங்குமா? ஆகவே, இரவும் பகலும் வெந்நீர் உண்டென உறுதி கூறிய விடுதியொன்றில் முன்பணம் கட்டி அறை எடுத்தேன்.

குழாயைத் திருகினேன், பனிநீரே வந்தது. போர்வையில் ஈரநாற்றம். கணக்குப் பார்க்கலாமென்றால் மேசை இல்லை, மின்குமிழும் மங்கல். முகாமையாளரிடம் சென்று, "ஐயா, இல்லாததை உண்டென்று சொல்லிப் பணம் வாங்குவது முறையா?" என்று கடிந்தேன். அவர் தலைகுனிந்தார்.

அறைக்குத் திரும்பியபோது, பையிலிருந்த மாதிரி வெங்காயம் கண்ணிற் பட்டது. நன்கு உலர்ந்த அம்மாதிரியைக் காட்டி, ஈரம் உலராத மூடைகளையும் சேர்த்து விற்கவே நான் வந்திருந்தேன். ஈரம் நிறையைக் கூட்டும். வாங்கியவன் கடையில் அழுகும்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. குளிர்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். விடிந்ததும் கடைக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் பாதி மூடைகளையே வாங்கினார். எனக்கு நட்டந்தான். ஆயினும், அடுத்த போகத்துக்கும் என்னையே வரச் சொன்னார்.

அவ்விடுதிக்கு மட்டும் நான் மீண்டும் போகவில்லை.