முகம் கடைசியில்

நானாட்டானில் ஒரு தொடக்கப் பாடசாலை. தரம் 4 வகுப்பில் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். நடுவில் ஒரு கடகம் நிறைய ஊமல். பனங்கிழங்கு கிண்டிய பிறகு மிஞ்சும் ஊமலை எங்கள் பக்கத்தில் அடுப்புக்குத்தான் வைப்பார்கள். அதில் ஒட்டியிருக்கும் தும்பு ஒரு கிழவனின் தாடியாகும், ஒரு கிழவியின் நரைமயிராகும் என்று அந்த வகுப்பு ரீச்சருக்குத் தோன்றியிருக்கிறது. கூடவே பன்னாடை, ஈர்க்கு, தையல்கடை வெட்டுத்துணி, கடலுக்குப் போகும் தகப்பனிடம் ஒரு பெடியன் கேட்டு வாங்கி வந்த தங்கூசி. காசு கொடுத்து வாங்கியவை பசையும் சாயமும் மட்டுமே.

பிள்ளைகளின் கை முதலில் தூரிகைக்குத்தான் போனது. கண்ணையும் வாயையும் கீறிவிட அவர்களுக்கு அவசரம். ரீச்சர் தூரிகைகளை எல்லாம் சேர்த்து எடுத்து அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டார்.

"முகம் கடைசியில செய்வம். முதல்ல கழுத்தைக் கட்டுங்கோ. தலை குனிய வேணும், திரும்ப வேணும். பிறகு கண்ணைக் கீறலாம்."

இந்த ஒரு ஒழுங்குக்காகவே அவரைப் பாராட்டுவேன். பொம்மை செய்யும் சித்திரப் பாடம் பெரும்பாலும் முகத்தோடு முடிந்துபோகிறது. வடிவான முகத்துக்குக் கூடுதல் புள்ளி கிடைக்கும். பிறகு அது சுவரில் தொங்கும். அசையாத ஒன்றைச் செய்துவிட்டுப் பாவைக்கூத்துப் படித்தோம் என்று சொல்ல முடியாது. பாவைக்கு உயிர் கொடுப்பது மூட்டு. கழுத்து, தோள், முழங்கை என்று எங்கே விட்டுக் கட்ட வேண்டும், எங்கே இறுக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் இதில் உள்ள வேலை.

ஊமலில் துளை போடும் வேலையை ரீச்சரே செய்தார், பழுக்கக் காய்ச்சிய ஆணியால். தங்கூசி வழுக்கும், சாதாரண முடிச்சு அதில் நிற்காது. அதைக் கொண்டுவந்த பெடியன்தான் மற்றவர்களுக்கு முடிச்சுப் போடக் காட்டிக் கொடுத்தான். தலைக்கு இரண்டு நூல், கைக்கு ஒவ்வொன்று, முதுகுக்கு ஒன்று. ஐந்தையும் சிலுவைபோல் கட்டிய இரண்டு மட்டைத் துண்டுகளில் கொண்டுவந்து முடிந்தார்கள். தூக்கிப் பார்த்தால் கை மேலே போனது, கீழே வரவில்லை. துணிக் கைக்குப் பாரம் காணாது. ஒருவன் வலையில் கட்டும் ஈயத்தை எடுத்து வந்தான். ஈயம் நஞ்சு, பிள்ளைகளின் கையில் அது கூடாது. ரீச்சர் அதை வாங்கி வைத்துவிட்டு அருவியாற்று மணலைச் சிறு பொட்டலங்களாகக் கட்டிச் சட்டைக் கைக்குள் வைத்துத் தைக்கச் சொன்னார். எவ்வளவு மணல் போட்டால் கை சரியாக விழும் என்று பார்ப்பதிலேயே ஒரு பாடவேளை போய்விட்டது. அந்த நேரம் வீணாகவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

செய்தவை எல்லாம் இந்த மண்ணின் உருவங்கள். மன்னார்த் தெருக் கழுதை, வங்காலைக் கரைக்கு வரும் பூநாரை, கிரீடம் வைத்த ஒரு ராசா. ராசா எங்கிருந்து வந்தார் என்று கேட்கத் தேவையில்லை. வடபாங்கும் தென்பாங்குமாக நாட்டுக்கூத்து ஆடிய மாதோட்டப் பகுதி இது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்த மன்னார் நாடகங்களில் மூவிராசர் நாடகமும் ஒன்று. அப்பப்பா ஆடிய வரவை ஒரு பிள்ளை ஊமல் ராசாவுக்குப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

இந்த மாவட்டத்துக்குப் பாவை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. மன்னார்த் தீவில் பேசாலையில் உடக்குப் பாஸ் என்றொரு மரபு உண்டு. தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளை உடக்கு என்னும் பாவை உருவங்களை வைத்துக் காட்டுவது அது. யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய வியாகுலப் பிரசங்கம் இந்தக் கரையோரக் கோவில்களில் தவக்காலத்தின் குரல். உடக்கோடு நின்று வேலை செய்த பெரியவர் ஒருவரிடம், திரைக்குப் பின்னால் எது கஷ்டம் என்று கேட்டேன்.

"பாரம் ஒரு கஷ்டமில்லைத் தம்பி. வாசிக்கிறவர் எந்த இடத்தில மூச்சு விடுவாரெண்டு எங்களுக்குத் தெரிய வேணும். முந்தியும் இழுக்கேலாது, பிந்தியும் இழுக்கேலாது."

வகுப்பிலும் இதையேதான் கண்டேன். இரண்டு கதிரைகளுக்கு நடுவே ஒரு சாரத்தைக் கட்டித் திரையாக்கி, ஒருத்தி கதை வாசிக்க மற்றவன் நூல் பிடித்தான். அவள் விறுவிறென்று வாசித்துக்கொண்டு போக, திரைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது: "பொறு, கழுதை இன்னும் எழும்பேல்ல!" அவள் நிறுத்தினாள், கழுதை எழும்பியது, பிறகு வாசித்தாள். மொழிப்பாடத்தில் நிறுத்தக்குறி படிப்பிக்க நாங்கள் படும் பாட்டை நினைத்துக்கொண்டேன்.

மாவட்டத்துக்கு வெளியே பார்த்தாலும் இந்தக் கலை நம் அருகில்தான் இருக்கிறது. அம்பலாங்கொடைப் பகுதிச் சிங்களக் கலைஞர்களின் நூல்பாவை நாடகத்தை 2018இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டுப் பொம்மலாட்டக்காரர் நூல்களை ஓர் இரும்பு வளையத்தில் கட்டி அதைத் தலையில் அணிந்துகொள்வார், பாவையின் கைகளைக் கம்பியால் இயக்குவார். சில பாவைகள் நாலரை அடி உயரம், பத்துக் கிலோ பாரம். கல்யாண முருங்கையில் செதுக்குவார்கள். எங்கள் வேலிகளில் நிற்கும் முள்முருக்கும் அதே மரம்தான். இந்தியாவில் 1979இல் தொடங்கிய பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம், பாவையை வைத்துப் பாடம் நடத்த ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி தருகிறது. அப்படியொன்று வடக்கில் வேண்டும்.

தடையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தரம் 5இல் புலமைப்பரிசில் பரீட்சை காத்திருக்கிறது. தரம் 4 வந்தாலே பெற்றோருக்கு மாதிரி வினாத்தாள் நினைவுதான், அதில் பாவைக்கு இடமில்லை. இந்த ரீச்சர் கண்ட வழி, சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தோடு இதைச் சேர்த்துக்கொள்வது. பூநாரை செய்யும் பிள்ளை அது எங்கிருந்து வருகிறது, எதைத் தின்கிறது என்று அறியாமல் அதை ஆட்ட முடியாது. பாடமும் நடக்கிறது, பாவையும் நடக்கிறது. தனி ஒருவரின் சாமர்த்தியத்தில் இது எவ்வளவு காலம் ஓடும் என்பதே என் கவலை.

மன்னார் மாவட்டத்து அதிபர்களையும் தொடக்க வகுப்பு ஆசிரியர்களையும் கேட்கிறேன்: தவணைக்கு ஒரு நாள் இதற்கு ஒதுக்குங்கள். வடிவுக்குப் புள்ளி போட வேண்டாம், அசைவைப் பாருங்கள். உங்கள் ஊரில் உடக்கு இழுத்தவர், கூத்தாடியவர், ஓலை பின்னுகிறவர் யார் என்று விசாரித்து, அவர்களைப் பரிசளிப்பு விழாவின் முன்வரிசைக்கு அல்ல, வகுப்பறைப் பாய்க்குக் கூப்பிடுங்கள். நான் சந்தித்தவர்கள் எல்லோரும் வயதாளிகள். கூப்பிட்டால் வரத் தயாராக இருக்கிறார்கள்.