நோட்டில் எழுதாத உடைசல்

எங்கள் வீட்டில் லாரிக்கென்று தனியாக ஒரு நீள நோட்டு உண்டு. வண்டி ஓட்டுவது வீட்டுக்காரர். கணக்கு எழுதுவது நான். வாடகை, டீசல், டோல், ஏற்றுக்கூலி, டியூ... கடைசிப் பத்தி 'உடைசல்'. நாமக்கல்லில் முட்டை லோடு அடிக்கிறவர்களுக்கு இந்தக் கடைசிப் பத்திதான் வயிற்றைக் கலக்கும்.

ஓர் அட்டையில் 30 முட்டை. எங்கள் வண்டியில் 2,000 அட்டை ஏறும். திருச்செங்கோடு, ஈரோடு, கோவை, வாளையாறு தாண்டிப் பாலக்காட்டில் இறக்குவதற்குள் கொஞ்சம் உடையத்தான் செய்யும். ஓர் அளவு வரை வியாபாரி கண்டுகொள்ள மாட்டார். அதைத் தாண்டினால் வாடகையில் பிடித்துவிடுவார்.

போன ஆவணியில் தொடர்ந்து மூன்று டிரிப்புக்குப் பிடித்தம். "அட்டை அடுக்கினது சரியில்லைங்களா?" என்றேன் நான். "ரோடு சரியில்லை புள்ள" என்றார் அவர். இரண்டும் காரணமில்லை என்று சொன்னது டயர்தான்.

பஞ்சர் கடைத் தம்பி என்னைக் கூப்பிட்டு, "அக்கா, இதைத் தடவிப் பாருங்க" என்றான். டிரைவர் பக்கத்து முன் டயர். ஓரிடம் மேடு, அடுத்த இடம் பள்ளம் என்று ரப்பர் அலை அலையாகத் தேய்ந்திருந்தது. "காத்துக் குறைஞ்சதால இல்லீங்க. ஷாக் போயிருச்சு. டயர் ரோட்டுல உருளாம, குதிச்சுக் குதிச்சு ஓடியிருக்கு."

ஷாக் அப்சர்பர்தான் லோடைத் தாங்குகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். இல்லையாம். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங் பட்டை. ஆனால் ஸ்பிரிங்கை ஒருமுறை அமுக்கிவிட்டால் அது எழுந்து, தாழ்ந்து, மறுபடி எழுந்து ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன். சின்னச் சின்ன ஓட்டை வழியாக எண்ணெய் சிரமப்பட்டு நுழைந்து போவதால் ஆட்டம் நிற்கிறது. அது நிற்காவிட்டால் முட்டை உடையும், டயர் தேயும். எல்லாவற்றுக்கும் மேலாக, சக்கரம் ரோட்டில் சரியாகப் பதியாததால் பிரேக் பிடித்தாலும் வண்டி தள்ளிப்போய்த்தான் நிற்கும்.

அன்று ராத்திரி நோட்டை விரித்தேன். மொத்தம் நான்கு ஷாக். புதிது ஒன்று 2,400 ரூபாய். பழையதையே பிரித்து ரீகண்டிஷன் செய்தால் 900. நான்கும் புதிதென்றால் 9,600. நான்கையும் பிரித்துச் செய்தால் 3,600. வித்தியாசம் 6,000. அந்த மாதம்தான் எஃப்.சி. வேறு. எட்டு வருஷம் தாண்டிய வண்டி என்பதால் வருஷா வருஷம் காட்டியாக வேண்டும். பெண்ணுக்குக் காலேஜ் இரண்டாம் தவணையும் பாக்கி.

"ரீகண்டிஷனே பண்ணிக்கலாமுங்க" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "போன வருஷம் பண்ணினமே, என்னாச்சு?" என்றார்.

மறக்க முடியுமா? வழியில் ஒரு கடையில் முன் ஷாக் இரண்டையும் கொடுத்தோம். உடலை அறுத்து, எண்ணெய் ஊற்றி, வெல்டிங் வைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்துப் புதுசு மாதிரிக் கொடுத்தார்கள். மூன்றே வாரம். எண்ணெய் கசிந்து, அதன் மேல் புழுதி அப்பி, பழைய கதையாகிவிட்டது. அதை நோட்டில் எழுதியிருந்தேன். ஆனால் 'கசிவு' என்று எழுதவில்லை; '1,800 ரூபாய்' என்று மட்டும்தான் எழுதியிருந்தேன்.

எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். போன் செய்தோம். "லோடு இறக்கிட்டு வரும்போது எங்கேயும் நிறுத்தாம நேரா பட்டறைக்கு ஓட்டிட்டு வரச் சொல்லு அம்மிணி, நீயும் வா" என்றார். எதற்கென்று அப்போது புரியவில்லை.

வண்டி வந்து நின்றதும் அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. குனிந்து, ஒவ்வொரு ஷாக்கின் மேலும் புறங்கையை மெதுவாக வைத்து எடுத்தார். பிறகு என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். பின்னால் இருந்த இரண்டும் நல்ல சூடு. முன்னால் கிளீனர் பக்கம் வெதுவெதுப்பு. டிரைவர் பக்கம் அதுகூட இல்லை.

"வேலை செய்யற ஷாக் சூடாகும். ஆட்டத்தை வாங்கிச் சூடாக்கி வெளிய விடறதுதான் அதோட வேலை. இத்தனை தூரம் ஓடியும் சூடு ஏறலைன்னா அது சும்மா தொங்கிட்டு வந்திருக்குன்னு அர்த்தம்."

பிறகு வீட்டுக்காரரிடம் திரும்பி, "ஓட்டறவன் நீதான். நீ சொல்லு தம்பி, எப்படி இருந்துச்சு?" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது. "ஆடிக்கு முன்னால இருந்தேங்க. ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினா நாலு தடவை ஆடித்தான் நிக்குது. பிரேக் அடிச்சா மூக்கு குத்துது. ஸ்டியரிங் நடுங்குது. இடுப்பு தாங்கலைங்க, தலையணை வச்சுத்தான் ஓட்டறேன்."

பெண்ணின் சின்னத் தலையணையைக் காணோம் என்று ஒரு மாதமாக வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்தோம். கேபினை எட்டிப் பார்த்தேன். சீட்டின் முதுகுப் பக்கம் அமுங்கிப்போய், எண்ணெய்க் கறையோடு இருந்தது. ராத்திரி அவர் தைலம் கேட்கும்போதெல்லாம் வயசாகிறது என்று நினைத்தேனே தவிர, ஒருநாளும் ஏனென்று கேட்கவில்லை.

"ஏனுங்க சொல்லலை?"

"சொன்னா காலேஜுக்கு வச்ச காசை எடுப்ப" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாலும் புதுசே போட்டுடுங்க" என்றேன் மெக்கானிக்கிடம்.

அவர் சிரித்தார். "கோபத்துல புதுசும் வாங்கக்கூடாது, கஞ்சத்தனத்துல பழசும் போடக்கூடாது அம்மிணி. கழட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

நான்கையும் கழற்றினார். பின் ஷாக் இரண்டும் திருகு மூடி வைத்தவை, பிரித்து மூடலாம். அழுக்கைத் துடைத்துவிட்டு ராடின் மேல் நகத்தால் கீறிப் பார்த்தார். வழுவழுவென்று இருந்தது. "ராடு நல்லா இருந்தா சீல் மாத்தி, சரியான எண்ணெயைச் சரியான அளவு ஊத்தி, புஷ் மாத்திட்டா போதும். உழைக்கும்." முன் ஷாக்கின் ராடில் முலாம் உரிந்து, துரு பிடித்துப் பொடிப்பொடியாகக் குழி. நகம் அதில் மாட்டியது. "இந்தக் குழி புது சீலையும் அறுத்துடும். எத்தனை சீல் போட்டாலும் எண்ணெய் நிக்காது. அதுவுமில்லாம இது பிரிக்கறதுக்குன்னு செஞ்சதே இல்லை. அறுத்து ஒட்டினது எத்தனை நாள் நிக்கும்?"

"ஒண்ணு கொஞ்சம் சூடாத்தானே இருந்துச்சு, அதை விட்டுடலாங்களா?" பழக்க தோஷம், கேட்டுவிட்டேன்.

"ஒரே அச்சுல ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா ரெண்டும் ஒரே மாதிரி பிடிக்காது. எப்பவும் ஜோடியாத்தான் மாத்தணும்."

முன்னால் இரண்டு புதிது, 4,800. பின்னால் இரண்டும் பிரித்துச் செய்தது, 1,800. ஆக 6,600 ரூபாய், கூலி தனி. பின் ஷாக்குகளை மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து, கையால் இழுத்து அமுக்கிக் காட்டினார். போகும்போதும் வரும்போதும் எங்கேயும் 'லொடக்' என்று விடாமல் ஒரே சீரான பிடிப்பு. "எங்க குடுத்தாலும் இதைப் பார்த்துட்டு வாங்குங்க" என்றார்.

தேய்ந்த டயரை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஒரு டயரின் விலைக்கு நான்கு ஷாக்கையும் புதிதாகவே வாங்கியிருக்கலாம்!

அடுத்த டிரிப்பில் உடைசல் பழைய அளவுக்கு இறங்கியது. பெண்ணின் தலையணைக்கு வேறு உறை தைத்துப் போட்டேன். ஆனால் அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. "அப்பாவே வச்சுக்கட்டும்" என்றாள். இன்னும் சீட்டில்தான் இருக்கிறது.

நோட்டில் 'உடைசல்' பத்திக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு போட்டு, 'ஆட்டம்' என்று தலைப்பு எழுதியிருக்கிறேன். லோடு இறக்கி வந்ததும் வாடகையைக் கேட்பதற்கு முன் அதைத்தான் கேட்கிறேன். பெரும்பாலும் "ஒண்ணுமில்லை புள்ள" என்பார். போன வாரம் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இடது பக்கம் லேசா ஒரு சத்தம் வருது" என்றார்.

எழுதிக்கொண்டேன். நாளைக்குப் பட்டறைக்குப் போகிறோம்.