பிரம்புக் கதிரைக்கு மேலே ஒரு படம்

பிக்காசோ 1912இல் செய்த ‘பிரம்புக் கதிரையுடன் நிலைப்பொருள்’ படத்தில் பிரம்பை அவர் கீறவே இல்லை. பிரம்புப் பின்னல் அச்சடித்த ஒயில் துணியை ஒட்டிவிட்டார். அதன் மேலும் பக்கத்திலும் கிளாஸ், கத்தி, தேசிக்காய்த் துண்டு, புகைக்குழாய் எல்லாம் துண்டு துண்டாகக் கிடக்கும். ஒரே சாமானை மேலேயிருந்தும் பக்கத்திலேயிருந்தும் ஒரே நேரத்தில் பார்த்தால் எப்படியோ, அப்படி. பேப்பருக்கு மூன்று எழுத்துத்தான். பிரெஞ்சில் பத்திரிகைக்கான சொல்லின் தொடக்கம் அது. விளையாடுவதற்கான சொல்லின் தொடக்கமும் அதேதான். நீள்வட்டப் படத்தைச் சுற்றிச் சட்டம் இல்லை, உண்மையான கயிறு.

கீறிய கிளாஸ், அச்சடித்த பிரம்பு, நிஜக் கயிறு. பிரதி எடுத்து வீட்டில் கொழுவும்போது முதலில் சாகிறது இந்த வித்தியாசம்தான். மூன்றும் ஒரே மையாகிவிடும். அளவையாவது காப்பாற்றுவம் எண்டு அக்காவும் நானும் முடிவெடுத்தோம். மூலப்படம் ஏறக்குறைய 29க்கு 37 சென்டிமீற்றர்தான், சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. பெரிசா அடிச்சா வடிவா இருக்கும் என்றார் பிரிண்ட் கடைக்காரர். நாங்கள் அசையவில்லை. மேசையில் இருந்துகொண்டு, கை எட்டுற தூரத்தில பார்க்க வேண்டிய படம் இது.

ஆனால் முதலில் நாங்கள் கேட்டது முன்விறாந்தைச் சுவரைத்தான். அங்கே அம்மப்பாவின் படம் இருக்கு. இடம்பெயர்ந்தபோது கையில் கொண்டுவந்தவற்றில் மிஞ்சிய ஒரே படம். “செத்த மனிசன்ர படத்துக்குப் பக்கத்தில உடைஞ்ச கிளாசையோ கொழுவப் போறியள்?” அம்மா கேட்டா. கியூபிசம் உடைக்கிறதில்லை, கூட்டிப் பார்க்கிறது எண்டு அக்கா விளங்கப்படுத்தத் தொடங்கினா. அம்மா கேட்டுக்கொண்டே அந்தச் சுவரைத் துடைச்சா. அந்த இடத்தில் ஒரு ஆள் ஏற்கெனவே இருக்கிறார் என்பதற்கு எங்களிடம் பதில் இல்லை.

இப்ப அது குசினிப் பக்கம், சாப்பாட்டு மேசைக்கு மேலே. இருந்து பார்க்கிற கண்ணின் உயரத்தில் கொழுவினோம். யன்னல் வெயில் படாத மூலை, இல்லாட்டி நிறம் மங்கிவிடும். கண்ணாடி போடவில்லை, பல்ப் வெளிச்சம் மட்டும்தான் தெரியும். கீழே மேசைக்குப் பழம் அச்சடித்த பிளாஸ்டிக் விரிப்பு. பக்கத்தில் அம்மப்பாவின் பிரம்புக் கதிரை. அறுந்த இடமெல்லாம் நீல நைலோன் நாரால் பின்னியிருக்கு.

தம்பி சாப்பிடேக்க கத்தி எங்கே எண்டு தேடுறான். அம்மா ஒருநாள் ஒண்டும் சொல்லாமல் விரலால் தொட்டுக் காட்டினா.